வயலினுக்கு ஒரு எண்டோஸ்கோப்பி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணியிலிருந்து மதியம் இரண்டரை மணி வரை எங்கள் குடும்பம் கோடீஸ்வரக் குடும்பமாக இருந்தது. மொத்தம் மூன்று மணி நேரம். அதிலும் முக்கால் மணி நேரம் சாப்பாட்டில் போய்விட்டது.

நடந்தது இதுதான். கும்பகோணத்தில் எங்கள் பழைய வீடு. அப்பா தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். போன வருஷம் காலமானார். அம்மா இனிமேல் கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டில் இருப்பது என்று முடிவாகி, வீட்டைக் காலி செய்வதற்காக எல்லோரும் கூடியிருந்தோம். அண்ணன், அண்ணி, அக்கா, அத்தான், நான், என் மனைவி, போதாக்குறைக்குப் பிள்ளைகள்.

பித்தளை அண்டாவுக்கு மூன்று பேர் போட்டி. கல் உரலை யாரும் சீந்தவில்லை. வெள்ளிக் குத்துவிளக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் பரணிலிருந்து இறங்கியது அப்பாவின் வயலின் பெட்டி.

"இது யாருக்கு?" என்றாள் அம்மா.

நிசப்தம். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான். அக்கா, "எங்க ஃப்ளாட்டுல இடமே இல்லம்மா" என்றாள். அப்பா தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து, கால் கழுவி, காபி குடித்து, ஒரு மணி நேரம் வாசிப்பார். கச்சேரி என்று எதுவும் செய்ததில்லை. ஆபீஸில் யாரோ ஒருவரின் பிரிவுபசார விழாவில் வாசித்ததுதான் உச்சம். பிள்ளைகள் மூன்று பேரில் ஒருவர்கூடக் கற்றுக்கொள்ளவில்லை என்பதில் அவருக்கு வருத்தம் உண்டு. எங்களுக்குத்தான் இல்லை.

"ஒரு வருஷம் வெயில்ல மரம் வெடிச்சு, தஞ்சாவூருக்குப் போய் ரிப்பேர் ஆகி வந்துச்சே, ஞாபகம் இருக்காடா?" என்று அம்மா குறிப்பாக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லையேம்மா" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள், செல்போன் டார்ச்சைப் போட்டு வயலினுக்குள் எட்டிப் பார்த்தாள். வயலினின் மேல் பலகையில், குதிரைக்கு இரண்டு பக்கமும் ஆங்கில எஃப் எழுத்து மாதிரி வளைந்து வளைந்து இரண்டு துளைகள் இருக்கும். பார்த்திருப்பீர்கள். ஒரு துளை வழியாக வெளிச்சம் விட்டு, அதன் மூலமாகவே கண்ணையும் விட்டால் அடிப் பலகை தெரியும்.

"சித்தப்பா, உள்ளே பேப்பர் ஒட்டியிருக்கு. ஏதோ எழுதியிருக்கு."

எழுத்துக் கூட்டினாள். "அந்தோனியஸ்... ஸ்ட்ராடிவேரியஸ்... கிரெமோனென்ஸிஸ்... ஃபேஸியபாட்... ஆன்னோ... 1721."

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். "ஸ்ட்ராடிவேரியஸா? மாப்பிள்ளை! அது கோடிக்கணக்குல போற ஐட்டம்!"

அடுத்த நிமிடம் ஆறு செல்போன்களில் தேடல். இத்தாலியில் கிரெமோனா என்ற ஊர். அங்கே அந்தோனியோ ஸ்ட்ராடிவேரி என்று ஒரு மகா கைவினைஞர். 1737-ல் இறந்தார். அவர் செய்தவற்றில் ஏறத்தாழ 650 வாத்தியங்கள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. அதில் 'லேடி பிளண்ட்' என்ற வயலின் 2011-ல் ஏலம் போனது, 98 லட்சம் பவுனுக்கு. ஜப்பான் பூகம்ப நிவாரணத்துக்காக விற்றார்கள். அந்த லேடி பிளண்ட் செய்யப்பட்ட வருஷம்?

1721!

"நம்மதும் 1721" என்றாள் அக்கா. குரல் நடுங்கியது.

பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்கு என் தலையில் விழுந்தது. அன்றைய மதிப்பில் எழுபது கோடி ரூபாய்க்கு மேல். வாரிசுகள் நாலு பேர். அம்மா, அண்ணன், அக்கா, நான். ஆளுக்குப் பதினேழரை கோடி. "வரி போக" என்று அண்ணன் நினைவூட்டினான். அப்பா இந்த வயலினைத் தன்னிடம்தான் கொடுப்பதாக ஒரு முறை சொன்னார் என்று அக்காவுக்கு ஞாபகம் வந்தது. அதே மாதிரி அண்ணனுக்கும் ஞாபகம் வந்தது. அண்ணி, வயலினுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தாள். அண்டாவைப் பற்றி யாருமே பேசவில்லை.

இரண்டரை மணிக்கு, அந்தப் பெண் தான் எடுத்த படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாள். சீட்டின் அடியில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு, தூசு மூடிக் கிடந்த பொடி எழுத்து.

"மேட் இன் ஜெர்மனி."

*

இத்தாலிக்காரர் 1721-ல் லத்தீனில் கையெழுத்துப் போட்ட வயலின் ஏன் ஜெர்மனியில், அதுவும் இங்கிலீஷில் தயாராக வேண்டும்? தவிர, ஜெர்மனி என்று ஒரே தேசம் உருவானதே 1871-ல்தான்.

விஷயம் இவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஜெர்மனியில் மார்க்நாய்கிர்ஹன், பொஹீமியாவில் ஷோன்பாஹ், பிரான்ஸில் மிர்கூர் போன்ற ஊர்களில் குடிசைத் தொழிலாக வயலின்களைச் செய்து குவித்தார்கள். ஒரு வீட்டில் கழுத்து, ஒரு வீட்டில் மேல் பலகை, ஒரு வீட்டில் வார்னிஷ். உள்ளே ஒரு சீட்டை ஒட்டினார்கள். 'ஸ்ட்ராடிவேரி மாடலில் செய்தது' என்று அர்த்தம். நம்மூரில் 'ஒரிஜினல் திருநெல்வேலி அல்வா' போர்டு மாட்டுவது மாதிரி. 1887-ல் பிரிட்டனிலும் 1890-ல் அமெரிக்காவிலும் சட்டங்கள் வந்தபிறகு, ஏற்றுமதிச் சரக்கில் நாட்டின் பெயரைப் போடும் வழக்கம் பரவியது. அதனால்தான் அந்தப் பொடி எழுத்து. ஏமாற்றியது பாதி, ஏமாறாதே என்று எச்சரித்தது பாதி.

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்ப அந்த அண்டா..." என்று ஆரம்பித்தான்.

வயலின், ஏகமனதாக எனக்கு ஒதுக்கப்பட்டது. அண்ணி தலையணையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

எனக்கும் வைத்துக் கொண்டாடும் உத்தேசம் இல்லை. ஜூன் மாதம். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். சென்னையில் எங்கள் குடியிருப்பில் ஒரு பாட்டு டீச்சர் இருக்கிறார். போனில் கேட்டேன். "பழைய ஜெர்மன் வயலினா? வாசிக்கிற நிலைமைல இருந்தா எட்டாயிரம் தர்றேன்" என்றார். ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. வாசிக்கிற நிலைமையில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

மறுநாள் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.

*

தஞ்சாவூர் என்றால் வீணை. 2013-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டார்கள். நான் போன பட்டறையிலும் பலா மரக் குடங்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. வீணைதான் பிரதானம், வயலின் ரிப்பேர் பக்க வேலை. பெரியவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பெட்டியைத் திறந்த வேகத்திலேயே நாலு பிரடையையும் தளர்த்தினார்.

"உள்ளே தூண் விழுந்திருக்கு. அப்படியிருக்கும்போது தந்தியை முறுக்கி வெக்கக் கூடாது தம்பி. நாலு தந்தியும் சேர்ந்து இருபது கிலோவுக்கு மேல இழுக்கும். பலகை அமுங்கிடும்."

"ஐயா, இதுல ஸ்ட்ராடிவேரியஸ்னு..."

"எங்கிட்ட வர்ற பழைய பிடில்ல பாதி அதுதான்" என்றார் தலை நிமிராமல். "லேபிளைப் பார்த்து பிடில் வாங்கறது, பத்திரிகையைப் பார்த்துப் பொண்ணு கட்டிக்கிற மாதிரி. உள்ளே பார்க்கணும்."

உள்ளே எப்படிப் பார்ப்பது? அதுதான் வேடிக்கை. பட்டறையின் கதவைச் சாத்தினார். ஜன்னலுக்கு ஒரு சாக்கு. டியூப்லைட்டை அணைத்தார். நான் கொஞ்சம் பயந்துதான் போனேன். வயலினின் அடிப்பக்கத்தில், தந்திகளையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு சின்னக் குமிழ் இருக்கிறதே, அதை மெதுவாகத் திருகி உருவினார். அங்கே சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு ஓட்டை. பிறகு மெல்லிய வயரின் நுனியில் இருந்த அரிசி அளவு எல்.இ.டி. விளக்கை எஃப் துளை வழியாக உள்ளே இறக்கினார்.

"எங்கப்பா காலத்துல டார்ச் பல்புதான். சூடு ஏறும். கொஞ்சம் அசந்தா ஒட்டு இளகிடும். இது பரவாயில்லை. பாருங்க."

ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

என்னத்தைச் சொல்ல! ஒரு கல்யாண மண்டபம் ஸார். பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு, விளக்கு மட்டும் எரிகிற மண்டபம். வளைந்த சுவர்கள். மேலே கூரையில் நீளவாக்கில் ஓர் உத்தரம். அதன் பெயர் பேஸ் பார். கனமான சப்தம் தருகிற தந்தியின் பக்கமாக, மேல் பலகைக்கு உள்புறம் ஒட்டியிருக்கும். மூலைக்கு மூலை மரக் கட்டைகள். இரண்டு பக்கமும் எஃப் துளைகள், வெளிச்சம் கசியும் ஜன்னல்கள். நடுத்தரையில் தலைகீழாக அந்தப் புகழ்பெற்ற சீட்டு. பக்கத்தில், கீழே விழுந்த தூண்.

அந்தத் தூணுக்குப் பெயர் சவுண்ட் போஸ்ட். பென்சில் கனத்தில் ஒரு குச்சி. பசை கிடையாது, ஆணி கிடையாது. மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவில், குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், தந்திகளின் அழுத்தத்தில் சும்மா நிற்கும். மேல் பலகையின் அதிர்வை அடிப் பலகைக்குக் கொண்டுபோவது அதுதான். அது விழுந்தால் நாதம் போய்விடும். இத்தாலிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'அனிமா'. பிரெஞ்சுக்காரர்கள் 'ஆம்' என்பார்கள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே. ஆன்மா. எங்கள் வயலினின் ஆன்மா தூசு உருண்டைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தது.

பெரியவர் ஒரு பிடி பச்சரிசியை எடுத்து எஃப் துளை வழியாக உள்ளே போட்டார்.

"வயலினுக்குச் சாப்பாடா?"

"தூசு எடுக்கறதுக்கு. குலுக்கிக் கொட்டினா அரிசியோட வந்துடும். ஊதிப் பார்த்தாலோ குச்சி விட்டாலோ வராது." குலுக்கிக் கவிழ்த்தார். அரிசியோடு முப்பது வருஷத் தூசும் ஒரு பல்லி முட்டை ஓடும் வந்தன.

"வீணைக் குடத்துக்குள்ளேயும் இப்படிப் பார்ப்பீங்களா?"

"அதுல மேல் பலகையில பொடி ஓட்டைதான். எங்கே கண்ணை வெக்கறது? தட்டி, காதை வெச்சுத்தான் பார்க்கணும். பிடில் அந்த வகையில நமக்கு வசதி."

வயலின் நமக்கு வந்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மணலியில் இருந்தபோது ஒரு ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு, 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தாலான வயலினையே பரிசளித்தார். "தந்தத்துல செஞ்சா உள்ளே பூச்சி வராது. நம்ம மாதிரி ஆளுக்குத்தான் பொழப்பு போயிடும்" என்றார் பெரியவர்.

*

"இப்ப வெளியிலேருந்து பாருங்க" என்று குமிழ் ஓட்டையிலிருந்து என்னை நகர்த்தினார். விளக்கு உள்ளேயே எரிந்துகொண்டிருந்தது. இருட்டில் அந்த வயலின் ஒரு பாதரச விளக்கு மாதிரி இல்லாமல், கையைக் குவித்து டார்ச்சை மறைத்தால் விரல்கள் சிவக்குமே, அந்த மாதிரி சிவந்து தெரிந்தது. மேல் பலகை ஸ்ப்ரூஸ் மரம். கனம் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால் வெளிச்சம் ஊடுருவுகிறது. எங்கே மெலிசோ அங்கே பிரகாசம். எங்கே கனமோ அங்கே இருட்டு. மரத்தின் நார்க்கோடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. உத்தரத்தின் நிழல் நீளமாக விழுந்தது. பக்கப் பலகையும் மேல் பலகையும் சேருகிற விளிம்பில், ஒரு விரற்கடை நீளத்துக்கு வெள்ளைக் கோடாக வெளிச்சம் பீறிட்டது.

"ஐயோ, பிளந்திருக்கா?"

"அது நல்லது தம்பி. ஒட்டு விட்டிருக்கு. விடத்தான் வேணும்."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். வயலினின் மேல் பலகையை வஜ்ஜிரத்தால்தான் ஒட்டுவார்கள். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பழங்காலப் பசை. அதுவும் இந்த விளிம்பில் கொஞ்சம் நீர்க்கவே தடவுவார்கள். வேண்டுமென்றே. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஒட்டு விட்டுக்கொடுத்தால் பலகை பிழைக்கும். "ஒட்டு பிடிவாதம் பிடிச்சா மரம் வெடிக்கும். ஒட்டு விட்டா அரை நாள் வேலை, மரம் வெடிச்சா ரெண்டு மாச வேலை. சில பேர் பலமா இருக்கட்டும்னு கடையில விக்கிற வெள்ளைப் பசையைப் போட்டு ஒட்டிட்டு வர்றாங்க பாருங்க... அவங்களை என்ன சொல்றது!"

வெளிநாடுகளில் இந்த விளக்கு வைத்தியத்துக்கு ஒரு படி மேலே போய்விட்டார்கள். வயலினை ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கேனில் படுக்க வைத்துவிடுகிறார்கள். வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிற, 1704-ல் ஸ்ட்ராடிவேரி செய்த 'பெட்ஸ்' வயலினை ஸ்கேன் செய்து, அந்த அளவுகளை வைத்தே ஓர் அமெரிக்க எக்ஸ்ரே டாக்டரும் வயலின் செய்பவர்களும் சேர்ந்து நகல் செய்தார்கள். 2011-ல் சேதி வந்தது. ஆனால் அவசரத்துக்கு இன்னமும் எல்லாப் பட்டறையிலும் ஒரு சின்ன விளக்கும், பல் டாக்டர் வாயில் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியும்தான்.

பெரியவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். வலது எஃப் துளைக்குக் கீழே விரலை வைத்தார். சிவந்த வெளிச்சத்தில் ஒரு முடிக் கோடு. அதன்மேல் வரிசையாக ஆறு கருப்புக் கட்டங்கள், சின்னச் சின்ன போஸ்ட் கார்டு ஸ்டாம்ப் மாதிரி.

"இது ஏற்கெனவே வெடிச்சு, மேல் பலகையைக் கழற்றி, உள்ளேருந்து தைச்ச பிடில். ஆறு அடைப்பு. வெளியிலேருந்து பார்த்தா தெரியவே தெரியாது. நல்ல கை."

"ஆமாங்கய்யா. வெயில்ல வெடிச்சது. அப்பா சொல்வாரு."

"வெயில்லயா?" விளிம்பைத் தடவினார். "வெயில் வெடிப்புக்கு விளிம்பு ஏன் நசுங்கணும்? மூலையில புது மரம் வெச்சுச் சேர்த்திருக்கு. இது அடி. எங்கேயோ விழுந்திருக்கு."

நான் பேசவில்லை.

பல் டாக்டர் கண்ணாடியை எஃப் துளைக்குள் விட்டு மேல் பலகையின் உள்பக்கத்தைப் பார்த்தார். ரிப்பேர் செய்கிறவர்கள் சில சமயம் உள்ளே பென்சிலில் தேதி போடுவது வழக்கமாம். பார்த்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று சிரித்தார்.

"நல்ல கைன்னு சொன்னேனே. எங்கப்பா கை தம்பி! 12-7-96. இந்தச் சுழி அவரோடது."

எழுந்து போய் பீரோவைக் குடைந்தார். காலிகோ பைண்டு போட்ட நீள நோட்டு ஒன்றோடு வந்தார். நான் படித்த அக்கவுண்டன்ஸியில் அத்தனை சுத்தமான நோட்டைப் பார்த்ததில்லை. தேதி, வாத்தியம், வேலை, காரணம், கூலி, வரவு. காரணத்துக்கு என்று தனிப் பத்தி. "அதே பிடில் அதே எடத்துல மறுபடி விட்டா, ஏன்னு தெரியணும்ல? கேட்டு எழுதிக்குவார்."

ஜூலை 1996. அப்பாவின் பெயர். பிடில் ஒன்று. மேல் பலகை பிளவு, அடைப்பு ஆறு.

காரணம்: ஊஞ்சல்.

கூலி ரூ. 600. வரவு 200. ஆகஸ்டில் 200. செப்டம்பரில் 200.

*

ஊஞ்சல் விஷயத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

எனக்கு ஏழு வயது. மே மாத விடுமுறை. கூடத்து ஊஞ்சல்தான் பஸ். கும்பகோணம் டு தஞ்சாவூர். நான் டிரைவர், நானே கண்டக்டர். பயணி ஒருவர் வேண்டுமே! பெட்டியிலிருந்து வயலினை எடுத்துப் பலகையில் உட்கார வைத்தேன். டிக்கெட்கூடக் கிழித்துக் கொடுத்தேன். பாபநாசம் தாண்டியதும் வேகமெடுத்தேன்.

விழுந்த சப்தம் இன்னும் காதில் இருக்கிறது. அம்மா கொல்லைப்புறத்தில் இருந்தாள். எடுத்துப் பெட்டியில் வைத்து, மூடி, பழைய இடத்தில் வைத்துவிட்டேன். சாயங்காலம் அப்பா வந்தார். கால் கழுவினார். காபி குடித்தார். பெட்டியைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மூடினார்.

"வெயில் ஜாஸ்தி. மரம் வெடிச்சிருக்கு" என்றார் அம்மாவிடம்.

நான் தப்பித்தேன். சூரியன் காப்பாற்றிவிட்டார் என்று முழுமனதாக நம்பினேன். அடுத்த முறை சூரியனார் கோயிலுக்குப் போனபோது ஒரு நமஸ்காரம் அதிகமாகவே போட்டேன். இரண்டு மாதம் சாயங்காலங்களில் வீடு சப்தமில்லாமல் இருந்தது. அப்பா அந்த ஒரு மணி நேரம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பார். அதற்கும் வெயில்தான் பொறுப்பு என்று விட்டுவிட்டேன்.

"தம்பி, தண்ணி ஏதாச்சும் குடிக்கிறீங்களா?" என்றார் பெரியவர்.

வேண்டாம் என்றேன். அவர் ஜன்னல் சாக்கை எடுக்கவில்லை. எஸ் மாதிரி வளைந்த ஓர் இரும்புக் கம்பியின் நுனியில் அந்தக் குச்சியைக் குத்தி, எஃப் துளை வழியாக உள்ளே கொண்டுபோனார். ஒரு கண் குமிழ் ஓட்டையில். தூணை நிமிர்த்தி, தட்டித் தட்டி, அரை மில்லிமீட்டர் இப்படி, அரை மில்லிமீட்டர் அப்படி. கால் மணி நேரம் ஆயிற்று. விட்டிருந்த ஒட்டுக்கு வஜ்ஜிரம் தடவி இடுக்கி போட்டார். "நாளைக்குக் காயட்டும். அப்புறம் தந்தி ஏத்தலாம்."

மறுநாள் போனேன். தந்தி ஏற்றி, சுருதி சேர்த்து, கீழே உட்கார்ந்து, பாதத்தில் முனையைச் சாய்த்து, ஸ ப ஸ ப இழுத்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால், காபிக்குப் பிறகு கேட்ட அதே குரல். லேசாக மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும். நான் அதை அப்பாவின் வாசிப்புக் கோளாறு என்று நினைத்திருந்தேன். வயலினே அப்படித்தானாம்.

"வித்துடலாம்னு இருக்கேன்னீங்களே, ரெடி. தாராளமா எட்டாயிரம் கேக்கலாம்" என்றார். கூலி எண்ணூறு ரூபாய். கொடுத்தேன். அவரும் நோட்டில் எழுதினார். காரணம் என்ற பத்திக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"தூண் விழுந்ததுன்னு போட்டுக்குங்க" என்றேன்.

*

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு வயலின் இருக்கலாம். இறக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் தந்திகளைத் தளர்த்திவிடுங்கள். இருட்டு அறையில் எஃப் துளை வழியாக டார்ச் அடியுங்கள். சூடாகும் குண்டு பல்பு வேண்டாம். விளிம்பில் வெளிச்சம் கசிந்தால் பயப்பட வேண்டாம், ஒட்டுதான். பலகையின் நடுவில் கசிந்தால் நேரே பட்டறைக்குப் போய்விடுங்கள். எந்தக் காரணத்தைக் கொண்டும் நீங்களாகப் பசை தடவாதீர்கள். லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் வாரிசுகளைக் கூட்டாதீர்கள்.

அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் செய்தேன்.

"அம்மா, அந்த பிடில் வெயில்ல வெடிக்கலை."

"தெரியும்."

"தெரியுமா? அப்பா சொன்னாரா?"

"அவர் எதுக்குச் சொல்லணும்? அன்னிக்கு ராத்திரி அப்பளம் பொரிச்சிருந்தேன். நீ வேண்டாம்னுட்டே. ஏழு வயசுல நீ அப்பளம் வேண்டாம்னு சொன்ன ஒரே நாள் அதுதான்."

தஞ்சாவூர்ப் பெரியவருக்கு விளக்கு, கண்ணாடி, நோட்டு எல்லாம் தேவைப்பட்டது. இங்கே ஒரு அப்பளம் போதுமானதாக இருந்திருக்கிறது.

"அப்ப ஏம்மா யாரும் கேக்கலை?"

"உங்கப்பாதான் வேண்டாம்னார். பயந்துபோயிருக்கான், அவனே வந்து சொல்லட்டும்னார்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, சொல்லிட்டே இல்ல, விடு. சாப்பிட்டியா?"

வயலின் இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பாட்டு டீச்சரிடம், விற்பதற்கில்லை, வேண்டுமானால் என் மகளை வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக் கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்டலாமா என்று ஆபீஸ் அறையில் கேட்டேன். காரணம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

வெயில் ஜாஸ்தி என்று எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.